கேள்வி–பதில்: ஆஸ்பத்திரி ஆப் யாருக்காக?

கேள்வி: மதுரையில் பல கிளைகள் உள்ள தனியார் மருத்துவமனை ஒன்றில் அடுத்த மாதம் வேலைக்குச் சேர்கிறேன். டாக்டர், நர்ஸ், சாஃப்ட்வேர் ஆட்கள் என எல்லோரிடமும் பயனர் மைய வடிவமைப்பை, அதாவது பயன்படுத்துபவரின் தேவையைப் பார்த்து ஆப்பையும் படிவத்தையும் வடிவமைக்கும் முறையை, எடுத்துச் சொல்லி, நடைமுறைக்குக் கொண்டுவருவதுதான் பணி. அந்தப் பிரிவில் நான் ஒருத்திதான். இதுவரை வங்கி ஆப்களில் வேலை பார்த்தேன். எங்கிருந்து தொடங்குவது?
– வாசகி, திருநகர்

பதில்: முதல் இரண்டு வாரம் லேப்டாப்பை மூடியே வையுங்கள். ஓ.பி. பதிவு கவுன்டருக்குப் பின்னால் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்காருங்கள். திங்கள்கிழமை காலை என்றால் இன்னும் நல்லது. உசிலம்பட்டி, மேலூர், திருப்புவனம் பக்கமிருந்து முதல் பஸ்ஸில் வந்தவர்கள் வரிசையில் நிற்பார்கள். ஊழியர் கம்ப்யூட்டரில் என்ன அடிக்கிறார், தாளில் என்ன எழுதுகிறார், பக்கத்தில் இருக்கும் ஊழியரிடம் என்ன கேட்கிறார் என்று மூன்றையும் தனித்தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். மானிட்டர் ஓரத்தில் ஒட்டியிருக்கும் ஒவ்வொரு துண்டுச் சீட்டும் சாஃப்ட்வேர் செய்யத் தவறிய ஒரு வேலை. டாக்டர்களின் கோடு நம்பரை எழுதி ஒட்டியிருந்தால், பெயரை அடித்துத் தேட முடியவில்லை என்று பொருள். தனியாக ஒரு நோட்டு ஓடுகிறது என்றால், பழைய ரெக்கார்டு அவசரத்துக்கு அகப்படுவதில்லை.

வங்கி ஆப்பில் ஒரு ஆள், அவர் கையில் அவருடைய போன். இங்கே அப்படி இல்லை. பாட்டிக்குச் சுகர், கூட வந்தவர் மருமகள், பதிவில் இருக்கும் நம்பர் திருப்பூரில் வேலை பார்க்கும் மகனுடையது. ஓடிபி அங்கே போகிறது. அவர் ஷிப்டில் இருந்தால் வரிசை நிற்கிறது. ஆகவே ஒரே நம்பரில் பல நோயாளிகளைச் சேர்க்க இடம் கொடுங்கள், 'இந்த போன் யாருடையது?' என்று ஒரு கேள்வி வையுங்கள், ஓடிபி காலாவதியாகும் நேரம் போனில் கேட்டுச் சொல்லப் போதுமானதா என்று பாருங்கள், ஓடிபி வராவிட்டால் கவுன்டரிலேயே முடிக்க மாற்று வழி வையுங்கள். ஒருவரின் மருத்துவப் பதிவுகளை இணைக்க மத்திய அரசு தரும் 14 இலக்க ஆபா எண்ணை ஆதார் வழியாக உருவாக்கும்போதும் இதே சிக்கல்தான்: ஆதாரோடு இணைத்த நம்பருக்குத்தான் ஓடிபி போகும், அந்த சிம் கைவசம் இல்லாதவர்கள் நிறைய. ஆபா கட்டாயமில்லை, விருப்பம்தான். அதனால் ஸ்க்ரீனில் 'பிறகு' என்ற பட்டன் தெளிவாக இருந்தே ஆக வேண்டும்.

பெயர்ப் பெட்டியைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். 'லாஸ்ட் நேம்' கட்டாயம் என்று வைத்த சாஃப்ட்வேரில் ஊழியர் வேறு வழியில்லாமல் ஒரு புள்ளி வைப்பார், அல்லது இனிஷியலைப் போடுவார். அடுத்த முறை வேறொருவர் அப்பா பெயரை முழுதாக அடிப்பார். தேடலில் பழைய ரெக்கார்டு வராது, புதிதாக ஒன்று உருவாகும். பென்சிலின் ஒவ்வாமை பழையதில் இருக்கும், டாக்டர் பார்ப்பது புதியது. பயனர் மைய வடிவமைப்பு என்றால் கலர் மாற்றுவது என்று நினைக்கும் டாக்டரிடம் இந்த ஒரு சங்கிலியை எடுத்துக்காட்டுங்கள், போதும். அது நோயாளியின் உயிர் சம்பந்தப்பட்டது என்று அவருக்கு உடனே விளங்கும்.

சரிசெய்யும் வழி: ஒரே பெயர்ப் பெட்டி, தனியாக இனிஷியல், தேடல் முடிவில் பெயரோடு வயது, அப்பா அல்லது கணவர் பெயர், ஊர். நம் ஊரில் மீனாட்சியும் பாண்டியும் எத்தனை பேர்! ஒரே பெயரை ஆங்கிலத்தில் மூன்று விதமாக அடிப்பார்கள் என்பதால், எழுத்து கொஞ்சம் மாறினாலும் கண்டுபிடிக்கும் தேடல் வேண்டும். பிறந்த தேதி தெரியாத பெரியவர்களுக்கு ஊழியர்கள் ஜனவரி 1 என்று போட்டுவிடுகிறார்கள். 'சுமாரான வயது' என்று ஒரு டிக் வைத்தால் பொய்த் தேதி சேராது.

பிறகு சோதனை. ஒரு சுற்றுக்கு ஐந்து பேர் போதும் என்று பயன்பாட்டு எளிமை வல்லுநர் யாகோப் நீல்சன் சொன்னது பிரபலம். அது ஒரு வகைப் பயனருக்கான கணக்கு. நோயாளிகளில் ஐந்து, நர்சுகளில் ஐந்து, கவுன்டர் ஊழியர்களில் ஐந்து என்று தனித்தனியாக எடுங்கள். நோயாளிகளில் 60 வயது தாண்டிய இருவரும், வாசிக்கச் சிரமப்படும் ஒருவராவதும் இருக்கட்டும். 'புரியுதாம்மா?' என்று கேட்காதீர்கள். 'புரியுதுங்க' என்றுதான் வரும், மரியாதைக்காக. 'நாளைக்கு டாக்டரைப் பார்க்க டோக்கன் போடுங்கம்மா' என்று வேலையைக் கொடுத்துவிட்டு, சும்மா இருங்கள். விரல் எங்கே தயங்குகிறது, எந்த இடத்தில் போனை மருமகளிடம் நீட்டுகிறார் என்பதைக் குறியுங்கள். டோக்கனுக்குக் காத்திருப்பவரை அழைக்க வேண்டாம், முறை போய்விடும் என்ற பயத்திலேயே இருப்பார். மருந்து வாங்கி முடித்தவரைக் கேளுங்கள். கண் பிரிவில், கண் பாப்பாவை விரிக்கும் சொட்டு மருந்து விட்டவருக்குச் சில மணி நேரம் கிட்டத்தில் இருப்பது மங்கலாகத்தான் தெரியும். அவரிடம் ஸ்க்ரீனையும் காட்டாதீர்கள், ஒப்புதல் படிவத்தையும் நீட்டாதீர்கள்.

சோதனையில் உண்மையான நோயாளியின் ரெக்கார்டைத் திறக்கவே கூடாது. போலி ரெக்கார்டுகள் 20 தயாரித்து வையுங்கள். வீடியோ எடுத்தால் தமிழில் சொல்லிச் சம்மதம் வாங்குங்கள். 2023-ன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் சம்மதக் கோரிக்கையை அவரவர் மொழியில் பார்க்க வழி இருக்க வேண்டும் என்கிறது.

நிர்வாகத்தை இழுக்க வகுப்பு எடுத்துப் பயனில்லை. ஒரே ஒரு ஸ்க்ரீனை எடுத்துக்கொள்ளுங்கள். மாற்றுவதற்கு முன் ஒரு வாரம், மாற்றிய பின் ஒரு வாரம், ஒரு பதிவுக்கு எத்தனை வினாடி, எத்தனை இரட்டை ரெக்கார்டு என்று எண்ணுங்கள். அந்த இரண்டு எண்ணையும், ஒரு நிமிட வீடியோவையும் காட்டுங்கள். நர்சிங் சூப்பரின்டெண்டென்ட்டை முதல் நாளே போய்ப் பாருங்கள். அவர் சம்மதிக்காமல் வார்டில் எதுவும் நிலைக்காது. ஒரு சாஃப்ட்வேர் பயன்படுத்த எவ்வளவு எளிது என்று அளக்க ஜான் புரூக் உருவாக்கிய பத்துக் கேள்விப் பட்டியலை ஊழியர்களுக்குக் கொடுக்கலாம். 100-க்கு 68 மதிப்பெண் என்பது சராசரி. அந்த மதிப்பெண்ணைச் சதவீதமாக நிர்வாகத்திடம் சொல்லிவிடாதீர்கள். நோயாளிகளுக்கு அது வேண்டாம். ஒன்று விட்டு ஒன்று எதிர்மறையாக வரும் வாக்கியங்கள் பெரியவர்களைக் குழப்பும்.

கேள்வி: இந்த வேலைக்கு டிசைன் டிகிரி வேண்டுமா? நான் பி.எஸ்சி. நர்சிங்.
– வாசகி, திருமங்கலம்

பதில்: வேண்டாம். வார்டு தெரிந்தவர் டிசைன் கற்றுக்கொள்வது, டிசைன் தெரிந்தவர் வார்டைக் கற்றுக்கொள்வதைவிடச் சுலபம். பயனர் மைய வடிவமைப்புக்கான ஐ.எஸ்.ஓ. 9241-210 தரநிலை என்ன சொல்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். உங்கள் வார்டின் ஒரு படிவத்தைத் திருத்தி, பழையதையும் புதியதையும் காரணத்தோடு பக்கத்தில் பக்கத்தில் வைத்து நேர்காணலுக்குக் கொண்டுபோங்கள்.

கேள்வி: கிளினிக்குகளுக்கு ஆப் செய்கிறோம். தமிழில் மாற்றினால் பட்டன்கள் உடைகின்றன, பெரியவர்கள் படிக்கவும் சிரமப்படுகிறார்கள். என்ன செய்ய?
– வாசகர், கே.கே. நகர்

பதில்: ஆங்கிலத்தில் வரைந்துவிட்டு மொழிபெயர்ப்பதால் வரும் வினை. தமிழ் வாசகத்தை முதலில் எழுதி, அதற்கு ஏற்ற அகலத்தில் பட்டனை வரையுங்கள். உயரத்தை நிலையாகப் பூட்டினால் 'கி'யின் கொக்கியும் 'மூ'வின் காலும் வெட்டுப்படும். வரி உயரம் எழுத்தளவில் ஒன்றரை மடங்காவது இருக்கட்டும். எழுத்துக்கும் பின்னணிக்கும் 4.5-க்கு 1 என்ற ஒளி வேறுபாடு குறைந்தபட்சம்; கண்புரை உள்ளவர்களுக்கு வெளிர் சாம்பல் எழுத்து கண்ணிலேயே படாது. தொடும் இடம் ஆண்ட்ராய்டில் 48 டிபி (ஆண்ட்ராய்டு ஸ்க்ரீனில் அளவு குறிக்கும் அலகு).

மருந்துப் பக்கத்தில் 1-0-1 என்பதை மட்டும் நம்பாதீர்கள்; பக்கத்திலேயே 'காலை 1, இரவு 1, சாப்பிட்ட பின்' என்று எழுதுங்கள். டாக்டர் பார்க்கும் ஸ்க்ரீனில் 5.0 என்று காட்டக் கூடாது, புள்ளி மறைந்தால் அது 50. அரை மில்லிகிராமை 0.5 என்றே காட்டுங்கள், முன்னால் சுழியம் இல்லாவிட்டால் 5 ஆகிவிடும். எல்லாவற்றுக்கும் சிவப்பு எச்சரிக்கை போட்டால் டாக்டர் படிக்காமலே மூடப் பழகிவிடுவார். உயிருக்கு ஆபத்தானதற்கு மட்டும் வழிமறியுங்கள்.

கேள்வி: கிராம சுகாதார செவிலியராக இருக்கிறேன். ஆப்பில் ஏற்றியதையே நோட்டிலும் எழுதுகிறோம். சிக்னல் இல்லாத ஊரில் அடித்ததெல்லாம் அழிந்துவிடுகிறது. யாரிடம் எப்படிச் சொன்னால் எடுபடும்?
– வாசகி, உசிலம்பட்டி வட்டாரம்

பதில்: 'ஆப் சரியில்லை' என்று சொன்னால் யாராலும் எதையும் திருத்த முடியாது. தேதி, நேரம், ஊர், எந்தப் பக்கம், எதை அழுத்தினீர்கள், என்ன வந்தது என்று ஆறும் எழுதுங்கள். ஸ்க்ரீன்ஷாட் எடுத்தால் தாயின் பெயரையும் எண்ணையும் மறைத்துவிட்டு அனுப்புங்கள். நோட்டிலும் ஆப்பிலும் ஒரே தகவல் எங்கெங்கே வருகிறது என்று ஒரு கர்ப்பிணியின் பதிவை வைத்து வரிசையாகக் குறியுங்கள். இரட்டை வேலை எவ்வளவு என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டாம்.

கேட்க வேண்டியதையும் குறிப்பாகக் கேளுங்கள். ஒவ்வொரு கட்டத்தை நிரப்பியதும் போனிலேயே சேமிக்க வேண்டும், சிக்னல் வந்ததும் தானாக ஏற வேண்டும், இன்னும் ஏறாதவை எத்தனை என்று முதல் பக்கத்தில் எண் தெரிய வேண்டும். பார்வையிட்ட நேரமும் ஏற்றிய நேரமும் தனித்தனியாகப் பதிவாக வேண்டும்; இல்லாவிட்டால் திங்களன்று பார்த்த ரத்த அழுத்தம் புதனன்று பார்த்ததாகக் காட்டும், தாமதம் உங்கள் தலையில் விழும். பக்கத்து துணை சுகாதார நிலையச் செவிலியர்களும் இதே ஆறு விவரத்தோடு எழுதித் தந்தால், சேர்த்து வட்டார மருத்துவ அலுவலரிடம் கொடுத்துப் பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.