பென்சில் குறி

அன்புள்ள ஐயா,

வணக்கம். ஐந்தாறு வருடமாக உங்களைப் படிக்கிறேன், எழுதுவது இதுதான் முதல் தடவை. வயது 38. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் பார்க்கிறேன். காலை ஏழரைக்கு வீட்டை விட்டால் திரும்ப ராத்திரி எட்டு. வீட்டுக் கடன் இன்னும் பதினொரு வருடம் இருக்கிறது. அம்மாவுக்கு வாரத்தில் இரண்டு நாள் டயாலிசிஸ். பையன் ஏழாவது படிக்கிறான்.

போன மாதம், பிளஸ் டூவில் ஒன்றாகப் படித்தவர்கள் இருபது வருடம் கழித்துக் கூடினோம். ஒவ்வொருவராக எழுந்து என்ன செய்கிறோம் என்று சொல்ல வேண்டும். ஒருவன் ஊர் ஏரியைத் தூர் வாரியிருக்கிறான். ஒருத்தி மனவளர்ச்சி குன்றிய பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்துகிறாள். இன்னொருவன் கொரோனா சமயத்தில் சொந்தக்காரர்களே தொட மறுத்த உடல்களை அடக்கம் செய்திருக்கிறான். என் முறை வந்தபோது “அம்பத்தூர்ல அக்கவுண்ட்ஸ்ல இருக்கேன்” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். அன்றைக்குத் தூக்கம் வரவில்லை.

எனக்கும் ஏதாவது செய்ய ஆசைதான். நேரம்? மத்தியானச் சாப்பாட்டு நேரம்கூட என்னுடையது இல்லை. வேலையை விட்டுப் போன கான்ட்ராக்ட் ஆட்கள் பி.எஃப். பேப்பரைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார்கள், ஒருவருக்கு இனிஷியல் தப்பு, இன்னொருவருக்குப் பிறந்த தேதி தப்பு, அதைப் பார்த்து அனுப்புவதற்குள் டிபன் பாக்ஸ் ஆறிப்போகும். இப்படியே ரிட்டயர் ஆகிவிட்டால் இந்த வாழ்க்கைக்கு என்ன மதிப்பு? தயவுசெய்து “சின்னச் சின்ன நல்லதும் பெரிசுதான்” என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அதை வாட்ஸப்பில் தினமும் படிக்கிறேன்.

கே.

*

அன்புள்ள கே.,

சரி, சொல்லவில்லை. எனக்கும் வருகிறது அது, சூரிய உதயமும் ஒரு கப் காப்பியும் போட்ட படத்தோடு.

உங்கள் நண்பர்கள் செய்ததைச் சின்னதாக்கி உங்களைப் பெரிதாக்கவும் எனக்கு உத்தேசமில்லை. ஏரியைத் தூர் வாருவது என்றால் ஆக்கிரமிப்பாளரோடு சண்டை, தாலுகா ஆபீஸுக்கு நடை, சொந்தக் காசு, சொந்த ஊரில் பகை எல்லாம் உண்டு. அது பெரிய காரியம்தான். உங்களுக்கு அன்று வந்தது பொறாமை என்றால் அதுவும் நல்ல பொறாமை, இருந்துவிட்டுப் போகட்டும்.

நான் வேறொன்றைச் சொல்கிறேன். 2009இல் அப்பா போய்விட்டார். அம்மாவுக்குக் குடும்ப ஓய்வூதியம் வர வேண்டும். அதற்காக ஓர் அலுவலகத்துக்கு அம்மாவை அழைத்துக்கொண்டு நான்கு முறை போனேன். முதல் முறை ஒரு நகலில் அட்டெஸ்டேஷன் இல்லை. இரண்டாவது முறை போட்டோ சைஸ் சரியில்லை (முதல் முறையே சொல்லியிருக்கலாம்). மூன்றாவது முறை, அந்த சீட்டில் இருப்பவர் லீவு. அம்மா ஐந்தாவது வரை படித்தவர், கையெழுத்து என்றால் பெயரை முழுசாக எழுதுவார், யாராவது பார்த்துக்கொண்டிருந்தால் கை நடுங்கும், ஒரு எழுத்து விட்டுப்போகும், விட்டுப்போனால் மறுபடியும் முதலிலிருந்து.

நான்காவது முறை அந்த நாற்காலியில் வேறு ஒருவர் இருந்தார். ஐம்பது வயதிருக்கும், கண்ணாடியைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் தொங்கவிட்டிருந்த ஓர் அம்மா. சிரிக்கவில்லை. உட்காருங்கள் என்றுகூடச் சொன்னதாக நினைவில்லை. பேப்பர்களை வரிசையாகப் புரட்டி, மேஜையில் கிடந்த பென்சிலை எடுத்து, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் எல்லாம் எறும்பு அளவுக்கு ஒரு பெருக்கல் குறி போட்டார். ஏழெட்டு இடம். பிறகு பேப்பர்க் கட்டை அப்படியே அம்மா பக்கம் திருப்பி வைத்து, “குறி போட்ட எடத்துல மட்டும் போடுங்கம்மா, அவசரமில்ல” என்று சொல்லிவிட்டு வேறு ஃபைலை எடுத்துக் குனிந்துகொண்டார். அம்மாவின் கையை அவர் பார்க்கவே இல்லை. நடுங்குகிறது என்று தெரிந்துதான் பார்க்காமல் இருந்தாரோ, அடுத்த வேலை காத்திருந்ததோ, அதெல்லாம் எனக்குத் தெரியாது. அம்மா ஒரு எழுத்துகூட விடாமல் எல்லா இடத்திலும் போட்டு முடித்தார். முடித்ததும் அந்த அம்மா ரப்பரை எடுத்து ஒவ்வொரு குறியாக அழித்தார், தூளை ஊதிவிட்டார், குண்டூசி குத்தினார், ரிஜிஸ்டரில் ஏற்றினார். “அடுத்த மாசம் வந்துரும்.” வந்தது.

மொத்தமே பத்து நிமிடம். தன் வேலையைத்தானே செய்தார், சம்பளம் வாங்குகிறாரே என்று நீங்கள் சொல்லலாம். முதல் இரண்டு முறை எங்களைத் திருப்பி அனுப்பியவரும் அதே சம்பளம்தான் வாங்கினார்.

நம்மிடம் 32 அறங்கள் என்று ஒரு பழைய பட்டியல் இருக்கிறது, பார்த்திருப்பீர்கள். எனக்கு மிகவும் பிடித்த பட்டியல். தண்ணீர்ப் பந்தல், சோலை, மடம் எல்லாம் எதிர்பார்த்ததுதான். ஆனால் அதே பட்டியலில் கண்ணாடி வருகிறது, காதோலை வருகிறது, தலைக்கு எண்ணெய் வருகிறது. ஆவுரிஞ்சு தறி என்று ஒன்று உண்டு, மாடுகள் முதுகை உரசிக்கொள்ள நட்டு வைக்கிற கம்பம். தன் முதுகைத் தானே சொறிய முடியாத ஜீவனுக்கு ஊர் நடுவில் ஒரு கம்பம் நடுவதையும், குளம் வெட்டுவதையும் ஒரே பட்டியலில் எழுத ஒருவனுக்குத் தோன்றியிருக்கிறது பாருங்கள். ஆனாலும் அந்தப் பட்டியலில் எனக்கு ஒரு குறை. அதில் இருப்பது பெரும்பாலும் கொடுப்பவன் காரியம், இருப்பவன் இல்லாதவனுக்குச் செய்வது. பென்சில் குறி போட்ட அம்மா எங்களுக்கு எதையும் கொடுக்கவில்லை. அது எங்கள் அம்மாவின் பணம். அவருக்குச் சேர வேண்டியது வழியில் எங்கேயும் தங்காமல் அவரிடம் போய்ச் சேர்ந்தது, அவ்வளவுதான் நடந்தது. இதற்குத் தமிழில் தனியாக ஒரு பெயர் இருக்கிறதா என்று யோசித்துப் பார்க்கிறேன், சட்டென்று வரவில்லை.

பெயர் இல்லாததால் கண்ணுக்கும் படுவதில்லை என்று நினைக்கிறேன். எனக்குப் பட்டது, நானே அதைக் கெடுத்த ஒரு நாளில்.

1994 அல்லது 95, நான் சென்னையில் படித்துக்கொண்டிருந்தேன். அப்போது பல்லவன் பஸ். கண்டக்டர் பின்வாசல் பக்கம் தன் சீட்டில் இருப்பார், வெளியூர் பஸ் மாதிரி நம்மைத் தேடி வரமாட்டார், காசுதான் அவரைத் தேடிப் போக வேண்டும். முன்னால் ஏறியவர் “ஒரு அடையார், பாஸ் பண்ணுங்க” என்று நோட்டை நீட்டுவார், அது பத்துக் கை மாறி கண்டக்டரிடம் போய், டிக்கெட்டும் சில்லறையுமாக அதே பத்துக் கை வழியாகத் திரும்பி வரும். ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. நடுவில் யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை. அன்று 23சி, சரியான கூட்டம். முன்பக்கத்திலிருந்து யாரோ ஒரு அம்மாவின் பத்து ரூபாய் வந்தது. அதற்கான டிக்கெட்டையும் மீதியையும் கண்டக்டரிடமிருந்து வாங்கிய முதல் கை என்னுடையது. அந்த நேரம் பார்த்து ஒரு ஸ்டாப், இறங்குகிற கூட்டம் என்னையும் சேர்த்து வெளியே தள்ளிவிட்டது, மறுபடியும் தொற்றுவதற்குள் பஸ் கிளம்பிவிட்டது. ரோட்டில் நிற்கிறேன், உள்ளங்கையில் எட்டு ரூபாய் சொச்சமும் ஒரு டிக்கெட்டும். செக்கிங் ஏறியிருந்தால் அபராதம் கட்டியிருக்க வேண்டியது அந்த அம்மாதான். மறுநாள் அதே நேரத்துக்கு அதே பஸ்ஸில் ஏறிப் பார்த்தேன். யாரைத் தேடுவது? முகம் தெரிந்தால் அல்லவா, எனக்குத் தெரிந்தது காசு மட்டும்தான். அந்தப் பணத்தை என்ன செய்தேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது, டீ குடித்தேன், வேறென்ன.

ஆனால் அதற்கப்புறம் பஸ்ஸில் என் கை வழியாக ஒரு காசு போனாலும் கவனித்துக்கொண்டேதான் இருந்தேன். இப்போது ஜிபே வந்துவிட்டது, 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண பஸ்களில் பெண்களுக்குக் கட்டணமும் இல்லை. ஆனாலும் கூட்டமான பஸ்ஸில் அந்த இலவச டிக்கெட் இன்னும் கை மாறித்தான் போகிறது, ஏறிப் பாருங்கள்.

இங்கே ஓர் இடத்தில் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். “அன்றாட நல்லது” என்கிற பேச்சு சில சமயம் ஏமாற்று வேலைக்கும் பயன்படும். 2020 மார்ச் 22ஆம் தேதி சாயங்காலம் ஐந்து மணிக்கு எல்லோரும் வாசலில் நின்று கைதட்டினோம், அடுத்த மாதங்களில் தூய்மைப் பணியாளர்களுக்கு மாலை போட்டோம், காலைக் கழுவி வீடியோ எடுத்தார்கள். 2025 ஆகஸ்டில் அதே பணியாளர்கள் தனியார்மயம் வேண்டாம் என்று சென்னை மாநகராட்சியின் ரிப்பன் மாளிகை வாசலில் இரண்டு வாரம் போல உட்கார்ந்திருந்து, ஒரு நள்ளிரவில் போலீசாரால் அப்புறப்படுத்தப்பட்டபோது, மாலை போட்ட கைகளை அந்தப் பக்கம் நான் அதிகம் பார்க்கவில்லை. என் கையும் அதில் சேர்த்தி. தீபாவளிக்கு ஒரு புடவை கொடுப்பது நமக்குச் சுலபம், சம்பளம் சரியாக வருகிறதா என்று விசாரிப்பது கஷ்டம். புடவைக்கு நன்றி கிடைக்கும், விசாரித்தால் சண்டைதான் கிடைக்கும். அதனால் நெகிழ்ச்சிச் சம்பவங்களைப் பார்த்தாலே எனக்கு ஒரு சந்தேகம் வந்துவிடுகிறது, அங்கே யாருக்குச் சேர வேண்டியது எங்கே தேங்கி நிற்கிறது என்று.

இப்போது உங்கள் டிபன் பாக்ஸுக்கு வருகிறேன்.

என் தங்கை மாப்பிள்ளை இரண்டு கம்பெனிகளில் வேலை பார்த்தவர். அவருடைய பி.எஃப். கிளெய்ம் இரண்டு முறை ரிஜெக்ட் ஆனது. காரணம், ஆதாரில் பெயருக்குப் பின்னால் இனிஷியல், கம்பெனி ரிக்கார்டில் முன்னால், பேங்க் பாஸ்புக்கில் அப்பா பெயர் முழுசாக. ஒரே ஆள், கம்ப்யூட்டருக்கு மூன்று பேர். குடும்பப் பெயர் கேட்கிற கட்டத்தில் தமிழன் எதை எழுதுவான் என்பதை யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை. அதைச் சரிசெய்ய, ஊழியரும் கம்பெனியும் சேர்ந்து கொடுக்கிற ஜாயின்ட் டிக்ளரேஷனில் பழைய கம்பெனி கையெழுத்துப் போட்டு சீல் வைக்க வேண்டும் என்றார்கள். அங்கே இருந்தவர் ஒவ்வொரு தடவையும் சொன்னது “நாளைக்கு வாங்க”. அந்த இரண்டு வார்த்தைக்கு விலை, புதிய இடத்தில் ஒரு நாள் லீவு, ஒரு நாள் கூலி. மூன்று மாதம் அலைந்தார். அப்போது அந்த ஆபீஸில் உங்களைப் போல ஒருவர் சாப்பாட்டு நேரத்தில் பேப்பரை வாங்கிப் பார்த்திருந்தால் முதல் நாளே முடிந்திருக்கும்.

இன்னொன்றையும் கேட்கிறேன். ஒன்பது வருடம் வேலை பார்த்துவிட்டு வருகிற ஆள் கைச்செலவுக்கு இருக்கிற எல்லாவற்றையும் எடுத்துவிட வேண்டும் என்று பி.எஃப். பணத்துக்கான ஃபார்ம் 19ஓடு, பென்ஷன் பங்குக்கான 10சியையும் நீட்டுவார். பென்ஷன் பங்கையும் எடுத்துவிட்டால் அந்த ஒன்பது வருடம் கணக்கிலிருந்து போய்விடும், 10 வருடம் இருந்தால்தான் 58 வயதில் மாதப் பென்ஷன், அதே 10சியிலேயே பணத்துக்குப் பதிலாக, அந்த வருடங்களைக் கணக்கில் காப்பாற்றி வைக்கிற ஸ்கீம் சர்டிஃபிகேட் கேட்கலாம். இதை அந்த ஆளுக்கு நீங்கள் சொல்கிறீர்களா? இதுவரை சொல்லவில்லை என்றால் நாளையிலிருந்து சொல்லுங்கள். ஏற்கெனவே சொல்கிறவர் என்றால், ஏரிக்காரர் பேசி முடித்ததும் எழுந்து இதைச் சொல்லியிருக்கலாம், ஐந்து நிமிடம் ஆகியிருக்கும், அந்தக் கூட்டத்திலேயே இரண்டு பேருக்காவது பயன்பட்டிருக்கும்.

கடைசியாக ஒன்று, கோபித்துக்கொள்ள வேண்டாம். ஏழரைக்குப் போய் எட்டுக்குத் திரும்புகிறேன் என்கிறீர்கள். அம்மாவுக்கு வாரம் இரண்டு நாள் டயாலிசிஸ் என்கிறீர்கள். ஒரு தடவைக்கு நான்கு மணி நேரம், போக வர தனி. யார் கூட்டிப் போகிறார், யார் அந்த நான்கு மணி நேரம் வெளியே உட்கார்ந்திருக்கிறார், யார் திரும்பி வந்து அந்த வார உப்புக் கணக்கும் தண்ணீர்க் கணக்கும் பார்த்துச் சமைக்கிறார்? உங்கள் கடிதத்தில் அந்த ஆள் ஒரு வரியில்கூட இல்லை. உங்கள் மனைவி என்றுதான் யூகிக்கிறேன். வாழ்க்கைக்கு என்ன மதிப்பு என்று ஒரு பக்கக் கடிதம் எழுதும்போதே இவ்வளவு பக்கத்தில் இருப்பவர் விட்டுப்போகிறார் என்றால், உங்கள் டிபன் பாக்ஸ் உங்கள் கணக்கில் விட்டுப்போனதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை.

அப்புறம் ஒரு உதவி. என் தங்கை மாப்பிள்ளைக்குப் பெயர் சரியாகிவிட்டது, ஆனால் இரண்டு யுஏஎன் (பி.எஃப். உறுப்பினர் எண்) இருக்கிறது. பழையதில் இருக்கிற பணத்தைப் புதியதில் சேர்க்க வேண்டும், பழையதில் மொபைல் நம்பர் மாறிவிட்டதால் ஓடிபி வரமாட்டேன் என்கிறது. எந்தெந்தப் பேப்பரை எடுத்து வைக்கச் சொல்லட்டும்? தனி மெயிலில் எழுதினால் போதும். சாப்பிட்டுவிட்டு எழுதுங்கள்.