எடின்பரோவுல இருந்து ஒரு நாள் செயின்ட் ஆப்ஸ் போலாமா, அவெஞ்சர்ஸ் எடுத்த எடம் தவிர அங்க பாக்க வேற என்ன இருக்கு?

தாராளமா போங்க. ஆனா ஒரே ஒரு வேண்டுகோள், ஹார்பர்ல அரை மணி நேரம் நின்னு போட்டோ எடுத்துட்டு அப்படியே கெளம்பிடாதீங்க. எண்ட்கேம் படத்துல தோர் குடியிருக்கிற நியூ ஆஸ்கார்ட் ஸ்காட்லாந்து கடலோரத்துல இருக்கிற இந்த மீனவ ஊர்தான், நானும் முதல் தடவை அதுக்காகத்தான் போனேன், அதுக்கப்புறம் நாலு தடவை போயிட்டேன், படம் ஞாபகத்துக்கே வரல.

ஊர் ரொம்ப சின்னது. கீழ ஹார்பர், நண்டும் லாப்ஸ்டரும் பிடிக்கிற படகுங்க, மேல வரிசையா மீனவங்க வீடு, அவ்வளவுதான். மொதல்ல இதுக்கு செயின்ட் ஆப்ஸ்னு பேரே கிடையாது, கோல்டிங்ஹாம் ஷோர்னுதான் சொல்லுவாங்க, ஏன்னா உள்ள தள்ளி இருக்கிற கோல்டிங்ஹாம்ல இருந்து ஆளுங்க இங்க இறங்கி வந்துதான் தொழிலுக்குப் போவாங்க. 1890கள்ல ஆண்ட்ரூ அஷர்னு எடின்பரோ பணக்காரர் ஒருத்தர்தான் பேரை மாத்தினாரு. ஏழாம் நூற்றாண்டுல இந்தப் பக்கம் மடம் கட்டின எபாங்கிற இளவரசி பேருதான் ஆப்.

நீங்க முதல்ல பாக்க வேண்டியது ஹார்பருக்கு மேல விசிட்டர் சென்டர் பக்கத்துல இருக்கிற வெண்கலச் சிலை. புயல்ல செத்துப்போன மீனவங்க நினைவா ஜில் வாட்சன்னு ஒரு சிற்பி செஞ்சது. சின்னச் சின்ன உருவங்க, பொம்பளைங்களும் புள்ளைங்களும் கடலைப் பாத்துட்டு நிக்கிறாங்க. 1881 அக்டோபர் 14, ஒரு வெள்ளிக்கிழமை, அதுக்கு முன்னாடி பல நாளா வானிலை சரியில்லாம யாருக்கும் தொழில் இல்ல, அன்னைக்குக் காலைல கடல் அமைதியா கிடந்துச்சு, காத்தழுத்தம் காட்டுற பாரோமீட்டர் மட்டும் புயல் வரும்ங்கிற மாதிரி ரொம்ப கீழ இறங்கி இருந்துச்சு, வீட்ல அடுப்பு எரியணுமே, கெளம்பிட்டாங்க. மதியத்துக்குள்ள புயல். மொத்தம் 189 பேர் செத்துப் போனாங்க, அதுல பக்கத்து ஊர் ஐமவுத்ல மட்டும் 129 பேர், சில படகுங்க கரையில நின்ன குடும்பங்க கண்ணு முன்னாடியே பாறையில மோதி உடைஞ்சுச்சு. இந்த ஊர்ல மூணு பேர். இதே மாதிரி சிலை ஐமவுத், பர்ன்மவுத், கோவ்லயும் இருக்கு. எங்க அம்மா வந்திருந்தப்ப கூட்டிட்டுப் போனேன், அவங்க சிலையில இருந்த புள்ளைங்களையே பாத்துட்டு நின்னு "அப்புறம் இதுங்கள்லாம் எப்படிடா பொழச்சுச்சுங்க"ன்னு கேட்டாங்க. நாடு முழுக்க நிதி வசூல் பண்ணி அந்தக் குடும்பங்களுக்குக் கொடுத்தாங்கன்னு சொன்னேன், கொஞ்ச நேரம் அவங்க எதுவும் பேசல.

அங்கிருந்து கீழ இறங்கினா லைஃப்போட் ஸ்டேஷன். இதோட கதை தெரிஞ்சு பாத்தாதான் அந்தக் கட்டடத்துக்கு அர்த்தம். 1907ல ஆல்ஃபிரட் எர்லண்ட்சன்னு ஒரு டென்மார்க் கப்பல் ஊருக்குப் பக்கத்துலயே பாறையில மோதி 17 பேர் செத்தாங்க, காப்பாத்தப் போக இங்க மீட்புப் படகு இல்ல. ஊர்ல இருந்த ஜேன் ஹேன்னு ஒரு அம்மா விடாம போராடி 1911ல ஸ்டேஷனைக் கொண்டு வந்தாங்க. நூறு வருஷத்துக்கு மேல ஓடுச்சு, 2015ல ஆர்என்எல்ஐ, அதான் நாடு முழுக்க மீட்புப் படகு நடத்துற தொண்டு அமைப்பு, அதை மூடிட்டாங்க. ஊர்க்காரங்க சும்மா இருக்கல, தாங்களே காசு சேத்து 2016ல சொந்தமா ஒரு மீட்புப் படகு இறக்கிட்டாங்க. பிஸ்கட் கம்பெனி டன்னக்ஸ் பெரிய தொகை கொடுத்துச்சு, படகு பேரே தாமஸ் டன்னக்தான். இன்னைக்கும் நன்கொடையிலதான் ஓடுது, அதனால உண்டியலைப் பாத்தா ஏதாவது போட்டுட்டு வாங்க, இதை நான் கெஞ்சியே கேக்குறேன். ஹார்பர் கஃபேல ஒரு நண்டு சாண்ட்விச் சாப்பிட்டுட்டு நடக்க ஆரம்பிங்க.

நடைன்னு சொன்னது செயின்ட் ஆப்ஸ் ஹெட், நேஷனல் டிரஸ்ட் ஃபார் ஸ்காட்லாண்ட் பாத்துக்கிற பாறை முனை. சுத்திட்டு வர மூணு நாலு மைல் இருக்கும், அவசரப்படாம போங்க. ஒரு காலத்துல எரிமலைக் குழம்பா இருந்த பாறை, நேரா கடலுக்குள்ள இறங்குது. ஏப்ரல்ல இருந்து ஜூலை வரைக்கும் கில்லமாட், ரேசர்பில், கிட்டிவேக்னு ஆயிரக்கணக்குல பறவைங்க, சத்தமும் வாடையும் தூரத்துலயே வந்துடும். ஜூன் கடைசி வாக்குல போனீங்கன்னா கில்லமாட் குஞ்சுங்க பறக்கவே தெரியாம பாறையில இருந்து கடலுக்குக் குதிக்கும், கீழ அப்பன் காத்துட்டு இருக்கும். கிட்டிவேக் முன்ன இருந்ததுல பாதிகூட இப்ப இல்ல, அது மனசுக்குக் கஷ்டமா இருக்கு.

முனையில லைட்ஹவுஸ். உயரமா கோபுரம் மாதிரி தேடாதீங்க, 1862ல டேவிட் ஸ்டீவன்சனும் தாமஸ் ஸ்டீவன்சனும் கட்டினது, பாறையே உயரமா இருக்கிறதால விளக்கு காவலாளிங்க வீட்டை விட கீழ இருக்கு, அந்தக் காலத்துல அவங்க படி இறங்கிப் போய்தான் விளக்கேத்தினாங்க.

டைவிங் தெரிஞ்சவங்களுக்கு இது தனி உலகம், 1984லயே தண்ணிக்கடியில தன்னார்வப் பாதுகாப்புப் பகுதியா அறிவிச்ச எடம். எனக்கு டைவிங் தெரியாது, அதனால அதோட விட்டுடறேன்.

கார் இருந்தா திரும்பும்போது சிக்கர் பாயின்ட்னு இன்னொரு கடலோரப் பாறை முனையும் பாத்துடுங்க. 1788ல ஜேம்ஸ் ஹட்டன்னு ஒரு புவியியல் அறிஞர் படகுல வந்து, செங்குத்தா நிக்கிற சாம்பல் பாறை மேல சாய்ஞ்சு கிடக்கிற செம்மணற்பாறையைக் காட்டி, பூமிக்கு நாம நினைக்கிறதை விட ரொம்ப ரொம்ப வயசுன்னு புரிய வெச்ச எடம், ரெண்டு பாறைக்கும் நடுவுல 6 கோடி வருஷத்துக்கு மேல இடைவெளி. கீழ இறங்குற புல் சரிவு ரொம்ப வழுக்கும், மழைன்னா மேல இருந்தே பாருங்க.

எடின்பரோவுல இருந்து கார்ல ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல ஆகும். ரயில்னா ரெஸ்டன் ஸ்டேஷன், 2022லதான் திரும்பத் திறந்தாங்க, அங்கிருந்து பஸ்ஸோ டாக்ஸியோ வேணும், நேரம் முன்னாடியே பாத்துக்கோங்க. கோடையில வர முடியலன்னா நவம்பர்ல வாங்க, பறவை இருக்காது, ஆனா கிரே சீல்ங்கிற கடல்நாய் குட்டி போடுற நேரம், பாறைக்கு அடியில ஆயிரத்துக்கு மேல வெள்ளைக் குட்டிங்க. மேல இருந்தே பாருங்க, நாய் இருந்தா கயித்தை விடாதீங்க, தாய் பயந்து கடலுக்குப் போயிட்டா குட்டி பசியில கெடக்கும்.