தூக்கம் கெட்டால் மறதி நோய் வருமா?

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களிலும் அவற்றையொட்டிய தாமான்களிலும் (குடியிருப்புகளிலும்) வசிப்போர் கேட்ட கேள்விகளுக்கு, ஓய்வுபெற்ற தாதி ஒருவர் அளிக்கும் பதில்கள்.

கேள்வி: முப்பது ஆண்டுகள் விடியற்காலை நான்கு மணிக்கே எழுந்து, பெரட்டுக்கு (காலை ஆள்கணக்கெடுப்புக்கு) போய், ரப்பர் மரத்தில் பால் வெட்டினேன். இப்போது வயது 68. இரவில் ஐந்து மணி நேரத்துக்கு மேல் தூக்கம் பிடிப்பதில்லை. எனக்கு மறதி நோய் வருமா?

பதில்: அண்ணன், நான்கு மணிக்கு எழுந்ததில் தவறில்லை, எட்டு மணிக்கே விளக்கை அணைத்துப் படுத்திருந்தால் கணக்கு சரியாகிவிடும். மொத்தத் தூக்கம்தான் முக்கியம். பிரிட்டிஷ் அரசு ஊழியர்கள் ஏறத்தாழ 8,000 பேரை 25 ஆண்டுகள் கவனித்து 2021இல் வெளியிடப்பட்ட ஆய்வில், 50, 60, 70 ஆகிய மூன்று வயதுகளிலும் குறைவாகவே தூங்கிவந்தவர்களுக்கு இந்நோய் வரும் வாய்ப்பு, ஏழு மணி நேரம் தூங்கியவர்களைவிட 30 விழுக்காடு கூடுதலாக இருந்தது. ஆயினும் அத்தனை பேரில் நோய் கண்டவர்கள் 521 பேர்தான். குறைவாகத் தூங்கியவர்களிலும் பெரும்பாலோருக்கு அது வரவில்லை. தவிர, அலுவலக நாற்காலியில் அமர்ந்திருந்தவர்களின் கணக்கை உங்கள் உடம்புக்கு அப்படியே பொருத்திவிடவும் முடியாது.

கேள்வி: என் மாமியார் பகலெல்லாம் தூங்கி, இரவெல்லாம் வீட்டுக்குள் நடக்கிறார். தூக்கம் கெட்டதால் மறதி வந்ததா, மறதி வந்ததால் தூக்கம் கெட்டதா?

பதில்: ஆய்வாளர்களும் இந்தக் கேள்வியில்தான் சிக்கியிருக்கிறார்கள், தங்கச்சி. மறதி நோய்களில் ஒன்றான அல்சைமர் நோயில் அமிலாய்டு என்னும் புரதம் மூளையில் படியத் தொடங்குவது, மறதி வெளியே தெரிவதற்குப் பதினைந்து இருபது ஆண்டுகளுக்கு முன்பே. உடலுக்கு இரவு பகலை உணர்த்தும் மூளைப் பகுதியையும் நோய் தாக்குவதால், தூக்கக் கேடு நோயின் காரணமாக இல்லாமல் அதன் முதல் அறிகுறியாகவே இருந்திருக்கவும் கூடும். இரண்டும் ஒன்றையொன்று வளர்க்கின்றன என்பதே என் கருத்து. மறதி நோய்க்கான தடுக்கக்கூடிய காரணங்கள் என்று 2024இல் லான்செட் மருத்துவ இதழின் ஆணையம் பட்டியலிட்ட பதினான்கில் நீரிழிவும் உயர் இரத்த அழுத்தமும் காது மந்தமும் இருக்கின்றன; தூக்கம் இல்லை. நம்மவர் வீடுகளில் இனிப்புநீர் (நீரிழிவு) எவ்வளவு பரவலாக இருக்கிறது என்பதைப் பார்த்தால், முதலில் எதைக் கவனிக்க வேண்டும் என்பது விளங்கும். மாமியாரைக் காலையில் வெயில் படும்படி ஐந்தடியில் (வீட்டு முன்தாழ்வாரத்தில்) உட்கார வையுங்கள். பகல் தூக்கத்தைக் குறையுங்கள்.

கேள்வி: தூங்கும்போது மூளை தன்னைத் தானே கழுவிக்கொள்கிறதாமே?

பதில்: 2013இல் நெடர்கார்டு என்னும் ஆய்வாளரின் குழு எலிகளில் கண்டது அது: தூக்கத்தில் மூளை உயிரணுக்களுக்கு இடையிலான வெளி ஏறத்தாழ 60 விழுக்காடு விரிந்தது, அமிலாய்டு விரைவாக வெளியேறியது. ஆனால் 2024இல் லண்டன் ஆய்வாளர்கள், அதுவும் எலிகளில்தான், தூக்கத்தில் கழிவகற்றல் குறைவதாகக் கண்டார்கள். வழக்கு இன்னும் முடியவில்லை. மனிதர்களில், ஆரோக்கியமான இருபது பேரை ஓர் இரவு விழித்திருக்கச் செய்து படம் எடுத்தபோது அமிலாய்டு சற்றுக் கூடியிருந்தது. 2018இல் வெளிவந்த ஆய்வு அது. ஓர் இரவின் மாற்றத்தைக் கொண்டு நோயைக் கணிக்க இயலாது.

கேள்வி: கணவர் பலமாகக் குறட்டை விடுகிறார், இடையில் மூச்சே நின்றுவிடுகிறது.

பதில்: இதைத் தள்ளிப்போடாதீர்கள். மூதாட்டிகள் 298 பேரைக் கொண்ட 2011ஆம் ஆண்டின் அமெரிக்க ஆய்வில், தூக்கத்தில் மூச்சுக் கோளாறு இருந்தவர்களில் ஏறத்தாழ 45 விழுக்காட்டினருக்கும், இல்லாதவர்களில் 31 விழுக்காட்டினருக்கும் நினைவாற்றல் குறைபாடோ மறதி நோயோ பின்னர் ஏற்பட்டது. பிராணவாயு அடிக்கடி குறைவதே காரணமாகத் தோன்றியது. இதற்குச் சிகிச்சை உண்டு. இதயத்துக்கும் அது நல்லது. அரசாங்க கிளினிக்கில் மூச்சு நிற்பதைச் சொல்லி, பெரிய மருத்துவமனைக்குக் கடிதம் கேளுங்கள். வெறும் குறட்டை என்று சொன்னால் சிரித்து அனுப்பிவிடக்கூடும்.

கேள்வி: சளி மாத்திரை போட்டால் அப்பாவுக்கு நன்றாகத் தூக்கம் வருகிறது. தினமும் தரலாமா?

பதில்: வேண்டாம், தம்பி. மயக்கம் தரும் பழைய வகைச் சளி மாத்திரைகள் நினைவுக்குத் தேவையான அசிட்டைல்கோலின் என்னும் மூளை வேதிப்பொருளைத் தடுப்பவை. நீண்ட காலம் இவ்வகை மருந்துகளை உட்கொண்ட முதியவர்களிடம் மறதி நோய் கூடுதலாக இருந்ததை 2015இல் சியாட்டில் நகர ஆய்வு காட்டியது. இரவில் எழும்போது தடுமாறி விழும் அபாயமும் உண்டு.