எதை மறைப்பது, எதை மறைக்கக் கூடாது? – யூனிக்ஸ் லைப்ரரி பற்றி வாசகர் கேள்விகள்

லினக்ஸ், மேக் ஓஎஸ், ஃப்ரீபிஎஸ்டி, ஓபன்பிஎஸ்டி, நெட்பிஎஸ்டி, இல்லுமோஸ் ஆகிய யூனிக்ஸ் வகை ஆப்பரேட்டிங் சிஸ்டங்களில் ஓடும் ஒரு சிறிய ஓப்பன் சோர்ஸ் சி லைப்ரரியைப் பராமரிக்கிறேன். ஃபைல், சாக்கெட் (நெட்வொர்க் இணைப்பின் முனை), த்ரெட் (நிரலுக்குள் இணையாக ஓடும் இழை), சிக்னல் (ஓடும் நிரலில் குறுக்கிடும் செய்தி) என்று சிஸ்டத்தின் மையமான கெர்னலோடு பேச வேண்டிய வேலைகளை மற்ற நிரல்களுக்காக அது செய்து கொடுக்கும். அதைப் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சில இங்கே.

போசிக்ஸ் என்ற தரநிலை 1988 முதலே இருக்கிறது. அதைப் பார்த்து எழுதினால் எல்லா யூனிக்ஸிலும் ஓடிவிடாதா? இதில் பராமரிக்க என்ன இருக்கிறது?

முக்கால்வாசி ஓடிவிடும். மிச்சம்தான் என் வேலை.

போசிக்ஸ் பெயர்களை வரையறுக்கிறது. அவற்றின் பின்னால் இருக்கும் எண்களை அந்தந்த சிஸ்டத்திடம் விட்டுவிடுகிறது. 'இப்போது முடியாது, அப்புறம் கேள்' என்று கெர்னல் சொல்லும் ஈ-அகெய்ன் பிழையை எடுத்துக்கொள்ளுங்கள். நாம் வழக்கமாகப் பயன்படுத்தும் லினக்ஸ் கணினிகளில் அதன் எண் 11. மேக்கிலும் பிஎஸ்டி குடும்பத்திலும் 35. லினக்ஸில் 35 என்றால் ஈ-டெட்லாக், அதாவது பூட்டுகள் ஒன்றுக்கொன்று காத்துக்கொண்டு இறுகிவிட்டன என்று பொருள். பிஎஸ்டியில் அந்த ஈ-டெட்லாக்கின் எண் என்ன தெரியுமா? 11. இரண்டும் அப்படியே இடம் மாறி உட்கார்ந்திருக்கின்றன. 'எரர் 35 வருகிறது' என்று மட்டும் எழுதி ஒருவர் புகார் அனுப்பினால், அவர் எந்த சிஸ்டத்தில் இருக்கிறார் என்று தெரியாமல் ஒரு அடி நகர முடியாது. அதனால் எங்கள் புகார்ப் படிவத்தில் பிழையின் பெயரைத்தான் கேட்கிறோம். எண்ணை நேரடியாக எழுதிய பேட்ச் (நிரலில் செய்யச் சொல்லி அனுப்பும் திருத்தம்) வந்தால், மற்றதைப் படிக்காமலே திருப்பி அனுப்பிவிடுவேன்.

பெயர் ஒன்றாக இருந்தும் ஆள் வேறாக இருப்பது இன்னொரு வகை. பிழை எண்ணுக்கு விளக்கம் தரும் ஸ்ட்ரெரர்-ஆர், போசிக்ஸ் வடிவத்தில் ஒரு முழு எண்ணைத் திருப்பித் தரும். லினக்ஸில் வழக்கமாக இருக்கும் சி லைப்ரரியான ஜிலிப்சியில் க்னூ வசதிகளைக் கேட்டுக் கம்பைல் செய்தால் அதே பெயர் ஒரு சரத்தின் முகவரியைத் தரும். அதே லினக்ஸில் மஸ்ல் என்ற இன்னொரு சி லைப்ரரியை வைத்தால் மறுபடி முழு எண். ஆக, 'லினக்ஸா?' என்று கேட்டுவிட்டு நிறுத்தினால் போதாது. கம்பைல் செய்யும்போது மஸ்லைத் தனியாக அடையாளம் காட்டும் மேக்ரோவும் (நிரலில் சோதித்துப் பார்க்கும் பெயர்) கிடையாது, வேண்டுமென்றே வைக்கவில்லை. எந்த சிஸ்டம் என்று கேட்காதே, எந்த வசதி இருக்கிறது என்று சோதி என்பது மஸ்ல்காரர்கள் கட்சி. எரிச்சலாக இருக்கும், ஆனால் நியாயம் அவர்கள் பக்கம்தான்.

ஒரே சோதனை நிரலை ஓட்டினேன். எஃப்சிங்க் என் மேக்கில் சட்டென்று முடிகிறது, லினக்ஸ் கணினியில் இழுக்கிறது. மேக்கின் டிஸ்க் அவ்வளவு வேகமா?

டிஸ்க் வேகமாகவும் இருக்கலாம். ஆனால் நீங்கள் அளந்தது ஒரே வேலையை அல்ல.

'எழுதிய டேட்டா பத்திரமாகச் சேர்ந்துவிட்டது' என்ற உறுதிக்காகத்தான் எஃப்சிங்க்கைக் கூப்பிடுகிறோம். லினக்ஸில் ஈஎக்ஸ்டி4 போன்ற ஃபைல் சிஸ்டங்கள், இயல்பான அமைப்பில், டிஸ்க்குக்குள் இருக்கும் தற்காலிக நினைவகத்தையும் காலி செய்யச் சொல்லிவிட்டுத்தான் திரும்பும். மேக்கில் எஃப்சிங்க் டேட்டாவை டிஸ்க்கிடம் கொடுப்பதோடு சரி. டிஸ்க் அதை நிரந்தர இடத்தில் எழுதியதா என்று கேட்காது. இதை ஆப்பிள் மறைக்கவில்லை. மேனுவல் பக்கத்திலேயே இருக்கிறது, முழு உறுதி வேண்டுமென்றால் எஃப்-ஃபுல்எஃப்சிங்க் என்ற தனிக் கட்டளையைக் கொடுக்கச் சொல்லி. அதைக் கொடுத்து அளந்து பாருங்கள், வித்தியாசம் தெரியும்.

இதில் ஒவ்வொருவரும் ஒவ்வொரு முடிவு எடுத்திருக்கிறார்கள். எஸ்கியூலைட் டேட்டாபேஸ் அதை ஒரு அமைப்பாகத் தருகிறது, கேட்காவிட்டால் அணைந்தே இருக்கும். கோ மொழி 1.12 பதிப்பிலிருந்து மேக்கில் முழுக் கட்டளையையே பயன்படுத்துகிறது. நாங்கள் கோவின் பக்கம். எங்கள் லைப்ரரியின் 'டிஸ்க்கில் சேர்' ஃபங்ஷன் எல்லா சிஸ்டத்திலும் அந்த சிஸ்டம் தரக்கூடிய அதிகபட்ச உறுதியைக் கேட்கும், மெதுவாக இருந்தாலும். வேகம் போதும் என்பவருக்கு வேறு பெயரில் வேறு ஃபங்ஷன் உண்டு. 'மேக்கில் மட்டும் உங்கள் லைப்ரரி ஆமை வேகம்' என்று மாதம் தவறாமல் யாராவது எழுதுகிறார்கள். எழுதட்டும். மின்சாரம் போன பிறகு வரும் கடிதத்தைவிட இது பரவாயில்லை.

அப்படியானால் எல்லா வித்தியாசங்களையும் லைப்ரரியே மறைத்துவிட்டால் பயன்படுத்துபவருக்கு நிம்மதிதானே?

எழுதும் முறைதான் வேறு என்றால் தாராளமாக மறைக்கலாம். த்ரெட்டுக்குப் பெயர் வைக்கும் பிதிரெட்-செட்நேம்-என்பி இருக்கிறதே, லினக்ஸில் த்ரெட்டும் பெயரும் என இரண்டு விஷயம் கேட்கும். மேக்கில் பெயர் மட்டும். தற்போதைய த்ரெட்டுக்குத்தான் வைக்க முடியும். நெட்பிஎஸ்டியில் மூன்று. லினக்ஸில் பெயர் 15 எழுத்தைத் தாண்டினால் பிழை. பெயர் பிழைதேடும்போது பார்க்க மட்டும்தான், அதனால் யாரும் சாகப்போவதில்லை. மறைத்துவிட்டோம், நீளமாக இருந்தால் வெட்டியும் விடுகிறோம்.

நடக்கும் காரியமே வேறு என்றால் மறைக்கக் கூடாது. பல சாக்கெட்டுகளை ஒரே இடத்தில் காத்திருந்து கவனிக்க ஃப்ரீபிஎஸ்டி 2000-இல் கேகியூவைக் கொண்டுவந்தது. லினக்ஸின் ஈபோல் அதற்குப் பின்னால் வந்தது. சாக்கெட்டுக்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான், மேலே ஒரு மெல்லிய உறை போட்டுவிடலாம். சாதாரண ஃபைலைக் கொடுத்துப் பாருங்கள்: கேகியூ ஏற்றுக்கொள்ளும், ஈபோல் 'அனுமதி இல்லை' என்று தள்ளிவிடும். இதை மறைக்க ஒரு பின்னணித் த்ரெட்டை வைத்து ஈபோலுக்காக நடிக்கலாம். ஒருவர் அப்படி அழகாக ஒரு பேட்ச் எழுதியும் அனுப்பினார். சேர்க்கவில்லை. யாரும் கேட்காத த்ரெட் ஒன்றை அவர்கள் நிரலுக்குள் ஓட விடுவதைவிட, 'இங்கே இது இல்லை' என்ற பிழையைக் கொடுப்பது நேர்மை.

இதைவிட மோசம், ஃபைலை மூடும் க்ளோஸ். மூடும்போது நடுவில் சிக்னல் வந்து ஈ-இன்டர் பிழை கிடைத்தால் ஃபைல் மூடப்பட்டதா, இல்லையா? போசிக்ஸ் பல ஆண்டுகள் இதை வரையறுக்காமலே விட்டிருந்தது. லினக்ஸில் மூடப்பட்டிருக்கும். எச்பி நிறுவனத்தின் யூனிக்ஸான எச்பி-யூஎக்ஸில் திறந்தே இருக்கும். 'பிழை வந்தால் மறுபடி கூப்பிடு' என்ற வழக்கமான சுழற்சியை லினக்ஸில் க்ளோஸுக்குப் போட்டால், அந்த ஃபைலுக்குக் கெர்னல் கொடுத்திருந்த அதே எண்ணை அதற்குள் வேறொரு த்ரெட் புதிதாகத் திறந்த ஃபைலுக்கு வாங்கியிருக்கலாம். இரண்டாவது க்ளோஸ் அந்த அப்பாவி ஃபைலை மூடிவிடும். அந்த மாதிரிப் பிழையைத் தேடிக் கண்டுபிடிப்பதற்குள் தலை நரைத்துவிடும்.

லிப்சி (சிஸ்டத்தோடு வரும் அடிப்படை சி லைப்ரரி) எதற்கு? சிஸ்டம் காலை (கெர்னலிடம் வேலை கேட்கும் அழைப்பை) அசெம்பிளியில் நேரடியாகக் கூப்பிட்டால் இந்தத் தொல்லையெல்லாம் இல்லையே?

லினக்ஸில் மட்டும் அது செல்லும். பழைய நிரல்களுக்காகக் கெர்னல் அந்த எல்லையை உடைக்காமல் காப்பாற்றுகிறது. மேக்கில் லைப்ரரிதான் எல்லை. அதற்குக் கீழே ஆப்பிள் எப்போது வேண்டுமானாலும் மாற்றும். 2016-இல் மேக் ஓஎஸ் சியெரா பதிப்பு வந்தபோது நேரம் கேட்கும் சிஸ்டம் கால் மாறி, பழைய கோ பதிப்பில் கட்டிய நிரல்கள் விழுந்தன. பிறகு கோ மேக்கில் சிஸ்டம் லைப்ரரி வழியாகப் போக ஆரம்பித்தது, ஓபன்பிஎஸ்டியிலும் அப்படியே. ஓபன்பிஎஸ்டி இப்போது லிப்சிக்கு வெளியே இருந்து வரும் சிஸ்டம் காலை அனுமதிப்பதே இல்லை.

ஒரு விதிவிலக்கு: லினக்ஸில் லிப்சி தாமதித்தால். தற்போக்கு எண்கள் தரும் கெட்ரேண்டம் கெர்னலில் 2014-இல் வந்தது, ஜிலிப்சியில் 2017-இல்தான். அந்த இடைவெளியில் நேரடியாகக் கூப்பிடுவதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை.

2038 பிரச்சினைக்கு உங்கள் லைப்ரரி தயாரா?

தயார். நேரத்தை நொடிக் கணக்காக 32 பிட் எண்ணில் வைத்தால் 2038-இல் அந்த எண் நிரம்பிவிடும், அதுதான் பிரச்சினை. நெட்பிஎஸ்டி 2012-இல் 6.0 பதிப்பிலும், ஓபன்பிஎஸ்டி 2014-இல் 5.5 பதிப்பிலும் 32 பிட் கணினிகளிலும் நேரத்தை 64 பிட் ஆக்கிவிட்டன. 32 பிட் லினக்ஸில் மட்டும் கம்பைல் செய்பவரின் தேர்வைப் பொறுத்து அளவு மாறும். அதனால் எங்கள் பொது ஹெடரில் (மற்ற நிரல்கள் சேர்த்துக்கொள்ளும் அறிவிப்பு ஃபைல்) நேரத்துக்கான டைம்-டி என்ற வகையே கிடையாது. 64 பிட் நொடி, கூடவே நானோநொடி. முடிந்தது.

எக்ஸ்இசட் சம்பவத்துக்குப் பிறகு உங்கள் நடைமுறையில் ஏதாவது மாறியதா?

தெரியாதவர்களுக்கு: 2024 மார்ச்சில் எக்ஸ்இசட் என்ற சுருக்கும் லைப்ரரியின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் ஒரு பின்வாசல் (ரகசியமாக உள்ளே நுழைய வைத்த வழி) இருப்பதை ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் கண்டுபிடித்தார். தொலைவிலிருந்து கணினிக்குள் போகும் எஸ்எஸ்எச் உள்நுழைவு கொஞ்சம் மெதுவாக இருக்கிறதே என்று தோண்டப் போய்த்தான் அது கிடைத்தது. இரண்டு ஆண்டுகளுக்கு மேல் நல்ல பங்களிப்பாளராக இருந்து நம்பிக்கை பெற்ற ஒருவர் வைத்தது அது. எல்லோரும் அந்த ஆளைப் பற்றித்தான் பேசினார்கள். எனக்கு வேறு இரண்டு விஷயங்கள் உறுத்தின.

ஒன்று, பின்வாசலைக் கிளப்பிவிடும் பில்ட் ஸ்கிரிப்ட், எல்லோரும் பார்க்கும் மூலநிரல் இருக்கும் கிட் களஞ்சியத்தில் இல்லை. வெளியீட்டுத் தொகுப்பில் மட்டும் இருந்தது. பல யூனிக்ஸ்களில் கம்பைல் ஆக வேண்டும் என்பதற்காகவே அங்கே ஆயிரக்கணக்கான வரி ஸ்கிரிப்ட் சேர்கிறது, அதை மனிதர் யாரும் படிப்பதில்லை. இப்போது எங்கள் தொகுப்பு கிட்டில் உள்ளதன் நேர்ப் பிரதி மட்டும்தான்.

இரண்டாவது இன்னும் சின்னது. லேண்ட்லாக் என்ற லினக்ஸ் பாதுகாப்பு வசதி இருக்கிறதா என்று பார்க்கும் சோதனை நிரலில் ஒரே ஒரு புள்ளி கூடுதலாக இருந்தது. அதனால் சோதனை கம்பைல் ஆகாது. 'வசதி இல்லை' என்று பில்ட் அமைதியாக அதை அணைத்துவிடும். வசதியைச் சோதித்துத் தெரிந்துகொள் என்று மேலே நானே புகழ்ந்த முறையின் ஓட்டை இதுதான்: சோதனை கெட்டுப்போனாலும், வசதி இல்லாவிட்டாலும், பதில் ஒன்றே. ஆகவே ஒரு சிஸ்டத்தில் கட்டாயம் இருக்க வேண்டிய வசதிகளுக்குப் பட்டியல் வைத்திருக்கிறோம். பட்டியலில் உள்ளது இல்லை என்று சோதனை சொன்னால் பில்ட் அங்கேயே நிற்கும்.

ஐபிஎம்மின் யூனிக்ஸான ஏஐஎக்ஸ் ஆதரவுக்கு பேட்ச் அனுப்பினால் சேர்த்துக்கொள்வீர்களா?

பேட்சைவிட முக்கியம், அடுத்த ஆண்டும் நீங்கள் இருப்பீர்களா என்பது. ஜிசிசி கம்பைல் ஃபார்ம் ஓப்பன் சோர்ஸ்காரர்களுக்கு ஏஐஎக்ஸ் கணினியில் கணக்குத் தருகிறது, எனவே 'சோதிக்க இடமில்லை' என்ற சாக்கு எனக்கு இல்லை. ஆனால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் தானாக ஓடும் சோதனை இல்லாத சிஸ்டத்தை 'முயற்சி நிலை' என்றுதான் ஆவணத்தில் எழுதுவோம். அது உடைந்தால் ரிலீஸ் நிற்காது. இதற்குச் சம்மதம் என்றால் அனுப்புங்கள், சின்னச் சின்ன பேட்சாக.

கல்லூரி மாணவி நான். சி ஓரளவு தெரியும். இந்த மாதிரி லைப்ரரியில் எங்கே ஆரம்பிப்பது?

ஏதாவது ஒரு ஃபங்ஷனை எடுத்து, அதன் லினக்ஸ், ஃப்ரீபிஎஸ்டி, ஓபன்பிஎஸ்டி மேனுவல் பக்கங்களை அருகருகே வைத்துப் படியுங்கள். ஓபன்பிஎஸ்டி பக்கங்கள் சுருக்கமாக, திருத்தமாக இருக்கும், அதிலிருந்து தொடங்கலாம். ஃபைலை நேராக சாக்கெட்டுக்கு அனுப்பும் சென்ட்ஃபைல் நல்ல தேர்வு: லினக்ஸ், ஃப்ரீபிஎஸ்டி, மேக் மூன்றிலும் அளபுருக்கள் வேறு, ஓபன்பிஎஸ்டியில் அந்த ஃபங்ஷனே இல்லை. பாதி அனுப்பி நின்றுபோனால் எத்தனை பைட் போனது என்பதை ஒவ்வொன்றும் எங்கே சொல்கிறது என்று ஒரு அட்டவணை போடுங்கள். பிறகு அதைச் சோதிக்கும் நிரல் ஒன்று எழுதி எங்களுக்கு அனுப்புங்கள். எங்கள் சோதனைத் தொகுப்பில் அந்த இடம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது.