பழைய இராணுவ ரைபிளின் குழலில் கொதிநீர் ஊற்றுவது ஏன்?

லீ என்ஃபீல்ட் .303 போன்ற பழைய ரைபிள்களைச் சேகரிப்பவர்கள் அக்காலத் தோட்டாக்களைச் சுட்டு முடித்ததும் குழலுக்குள் கொதிநீர் ஊற்றுகிறார்கள். துருவைத் தடுக்கத்தான். அந்தத் தோட்டாக்களின் அடியிலுள்ள தீமூட்டும் மருந்தில் பொற்றாசியம் குளோரேற்று இருந்தது (தீக்குச்சித் தலையில் இருப்பதும் அதுதான்). வெடித்தபின் அது கறியுப்புக்கு உறவான ஓர் உப்பாகிக் குழலில் படிகிறது. மாரி காலத்தில் யாழ்ப்பாணத்துக் குசினியில் ஆனையிறவு உப்பு போத்தலுக்குள் கசிந்து, உள்ளே கிடக்கும் இரும்புக் கரண்டியைத் துருவேற்றுவதைப் பார்த்திருப்பீர்கள், அதே கதைதான். கொதிநீர் உப்பைக் கரைத்து வெளியேற்றும். சூடேறிய குழல் விரைவில் காய்ந்துவிடும். பிறகுதான் எண்ணெய். எண்ணெய் மட்டும் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். எண்ணெயில் உப்பு கரையாது, அதன் அடியில் துரு வளர்ந்துகொண்டே இருக்கும்.