நேபாளிகள் பேசும் ‘டிவி லாட்டரி’ (DV, அதாவது டைவர்சிட்டி விசா லாட்டரி) என்றால் என்ன? அதில் அமெரிக்கா சென்றவர்கள் ஏன் திணறுகிறார்கள்?

அமெரிக்காவுக்குக் குறைவானவர்களே குடியேறும் நாடுகளுக்காக 1990ஆம் ஆண்டுச் சட்டம் கொண்டுவந்த விசாக் குலுக்கல்தான் டிவி லாட்டரி. இந்தியாவுக்கு இதில் இடமில்லை, நேபாளத்துக்கு உண்டு.

பிள்ளைகளின் படிப்பை நினைத்தே பலர் குடும்பத்தோடு கிளம்புகிறார்கள். ஆனால் விசா வேலையைத் தருவதில்லை. காத்மாண்டுவில் பாடம் நடத்தியவரின் ஆசிரியர் சான்றிதழை அங்கே அப்படியே ஏற்பதில்லை. பெட்ரோல் நிலையக் கடையில் இரவுப் பணிக்கு நிற்கிறார். ஆங்கிலம் தடுமாறுகிறது, ஊரிலோ பெற்றோர் தனியே.

பிடுங்கி நட்ட நாற்று சில நாள் வெளிறித் துவளும். வேர் பிடித்த பிறகே பச்சை கட்டும். நாற்பது வயதில் பிடுங்கப்பட்டவருக்கு அது எவ்வளவு கடினம்!

குலுக்கலில் பெயர் வந்தாலே விசா உறுதி என்று நம்பி நிலத்தை விற்றுவிடக் கூடாது. அது விண்ணப்பிக்கும் வாய்ப்பு மட்டுமே, நேர்காணல் அதன் பிறகுதான்.