டீ குடிச்சு முடிக்கறதுக்குள்ள சார்ஜ் ஏறுமா?

எலெக்ட்ரிக் கார் சந்தேகம் இருந்தா எழுதுங்கன்னு போன இதழ்ல ஒரு வரி போட்டேன், இவ்வளவு வரும்னு நெனைக்கல. முக்காவாசி நம்ம மலைல இருந்தே வந்திருக்கு. நான் குன்னூர்ல மூணு வருஷமா எலெக்ட்ரிக் வண்டி ஓட்டறவன், அதுக்கு முன்னாடி வயரிங் வேலை பாத்தவன், அந்த அனுபவத்துல சொல்றேன்.

ஊட்டில 60 கிலோவாட்னு போர்டு வெச்ச சார்ஜர்ல போட்டா எனக்கு 24 தான் காட்டுது. ஏமாத்தறாங்களா? (குன்னூர் வாசகர்)

ஏமாத்தறாங்கன்னு சொல்ல மாட்டேன் சார். போர்டுல இருக்கறது அந்த மெஷினால அதிகபட்சம் எவ்வளவு முடியும்ங்கற நம்பர். எவ்வளவு வேணும்னு கேக்கறது உங்க கார். சார்ஜர் கன்ன, அதாவது கார்ல சொருகற கைப்பிடிய, மாட்டினதும் ரெண்டும் பேசிக்கும், என் பேட்டரி இத்தன வோல்ட்ல இருக்கு, இவ்வளவு சூடா இருக்கு, இத்தன ஆம்பியர் குடுன்னு கார் கேக்கும், மெஷின் அதுக்கு மேல தள்ளாது.

முதல்ல பக்கத்து கன்ல வேற வண்டி நின்னுச்சான்னு யோசிங்க, ரெண்டு கன் இருக்கற பல மெஷின்ல ரெண்டு வண்டி போட்டா ஆளுக்கு 30 தான். அப்புறம் கிலோவாட்ங்கறது வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கி வர்றது, உங்க பேட்டரி 320 வோல்ட், மெஷின் 125 ஆம்பியர் தான் குடுக்கும்னா 40க்கு மேல கணக்கே வராது, பக்கத்துல யாரும் இல்லாட்டியும் அந்த 60ஐ நீங்க பாக்கப்போறதில்ல. 80 சதவீதம் தாண்டினா கார் தானாவே கொறச்சுக்கும். மேட்டுப்பாளையம் பஸ் ஸ்டாண்டுல காலியா வந்த பஸ்ல எல்லாரும் டக்குனு ஏறிடுவாங்க, கடைசி பத்து பேர் சீட் தேடி நிக்கறதுலதான் நேரம் போகும், அதே கதை.

இதுக்கெல்லாம் மேல நம்ம ஊர் குளிர் இருக்கு. ஒரு ஜனவரி காலைல ஆறரை மணி, தலைகுந்தா பக்கம் புல்லெல்லாம் வெள்ளையா உறைபனி, ராத்திரி பூரா வெளிய நின்ன வண்டிய கொண்டுபோய் போட்டா 11 கிலோவாட் காட்டுது, மெஷின் ரிப்பேர்னு சண்டைக்கே போயிட்டேன். விஷயம் என்னன்னா பேட்டரி சில்லுனு இருக்கும்போது வேகமா ஏத்தினா லித்தியம் உள்ள போய் உக்காராம மேலயே உலோகமா படிஞ்சுடும், படிஞ்சா பேட்டரிக்கு கேடு, அதனால கார் கம்மியா கேக்குது. இப்பல்லாம் நான் கீழ இருந்து ஏறி வந்த கையோட, பேட்டரி சூடா இருக்கும்போதே, சாயங்காலமே போட்டுடறேன். அதே மெஷின், அதே கார், ரெண்டு மடங்குக்கு மேல வாங்குது.

நாலு ரூம் ஹோம்ஸ்டே வெச்சிருக்கேன். கெஸ்ட் எல்லாம் சார்ஜிங் இருக்கான்னு கேக்கறாங்க. ஃபாஸ்ட் சார்ஜர் போட்டா லாபமா? (கோத்தகிரி வாசகி)

வேண்டாங்க மேடம். 60 கிலோவாட் மெஷின் மூணு ஃபேஸ்லயும் ஃபேஸுக்கு 87 ஆம்பியர் கிட்ட இழுக்கும். உங்க தெருவுல நிக்கறது 100 கேவிஏ டிரான்ஸ்ஃபார்மரா இருந்தா அதுல பாதிக்கு மேல உங்க ஒரு மெஷினே தின்னுடும், சாயங்காலம் ஊரே கீசர் போடற நேரத்துல லோ வோல்டேஜ் வந்து எல்லாரும் உங்கள திட்டுவாங்க. ஈபி தனி டிரான்ஸ்ஃபார்மர் போடச் சொன்னா அந்த செலவும் உங்க தலைலதான்.

கெஸ்ட் ராத்திரி தூங்கத்தான வர்றாங்க? ஒன்பது மணிக்கு சொருகி காலைல ஏழுக்கு எடுத்தா பத்து மணி நேரம், சாதா 15 ஆம்ப்ஸ் பிளக்குலயே 30 யூனிட் ஏறிடும், சின்ன கார் ஃபுல். இன்னும் நல்லா பண்ணணும்னா 32 ஆம்பியர்ல ஒரு 7.4 கிலோவாட் டைப் 2 பாக்ஸ் (வீட்டு கரண்ட்ல சார்ஜ் ஏத்தற சுவர் சார்ஜர்) சுவத்துல மாட்டுங்க, போதும்.

ஆனா வயரிங் விஷயத்துல கஞ்சத்தனம் பண்ணாதீங்க. எனக்கு தெரிஞ்ச ஒரு காட்டேஜ்ல கீசர் பாயிண்டுல இருந்து எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் இழுத்து ஜன்னல் வழியா காருக்கு குடுத்திருந்தாங்க. கீசர் பத்து நிமிஷம் ஓடி நின்னுடும், கார் ராத்திரி பூரா முழு லோடுல இழுக்கும், அது வேற இது வேற. நடுராத்திரி மீன் கருகின மாதிரி ஒரு வாசன. போய் பாத்தா பிளக் டாப் பழுப்பாகி சாக்கெட்டோட ஒட்டிக்கிச்சு, கழட்டவே வரல, கடைசில கட்டிங் பிளேயரால ஒடச்சு எடுத்தோம். தனி எம்சிபி (லோடு மீறினா தானா ஆஃப் ஆகற சுவிட்ச்), தனி ஆர்சிசிபி (கரண்ட் லீக்கானா ஆஃப் பண்றது), போர்டுல இருந்து நேரா நாலு ஸ்கொயர் எம்எம் வயர், 7.4 கிலோவாட் பாக்ஸ்னா ஆறு, நல்ல கம்பெனி இண்டஸ்ட்ரியல் சாக்கெட். எர்த்தும் முக்கியம், மார்ச்ல மண்ணு காஞ்சா பழைய எர்த் குழி வேலை செய்யாது, எர்த் சரியில்லன்னா பல கார் சிவப்பு லைட் போட்டு சார்ஜே ஏத்தாது, கெஸ்ட் உங்க ஹோம்ஸ்டேக்கு ஒரு ஸ்டார் போட்டுட்டு போயிடுவாரு. குழில தண்ணி ஊத்துங்க.

பழைய 30 யூனிட் பேட்டரி கார். மேட்டுப்பாளையத்துல ஃபுல் பண்ணா ஊட்டி போய் வரலாமா? (கோவை வாசகர்)

தாராளமா. மேட்டுப்பாளையத்துக்கும் ஊட்டிக்கும் உயர வித்தியாசம் சுமார் 1,900 மீட்டர். ஆளோட சேத்து 1,800 கிலோ வண்டிய அவ்வளவு உயரம் தூக்கவே ஒன்பது யூனிட்டுக்கு மேல வேணும், இதுக்கு மேல ரோடு, காத்து, மோட்டார்ல வீணாகறது எல்லாம் சேத்தா 14 யூனிட் வெச்சுக்கோங்க. 51 கிலோமீட்டருக்கு பாதி பேட்டரி காலியான்னு பர்லியார் தாண்டும்போதே வயித்த கலக்கும், கலங்காதீங்க, எறங்கும்போது அதுல மூணு நாலு யூனிட் திரும்ப வந்துடும்.

ஒரே ஒரு விஷயம், எறங்கற அன்னிக்கு ஊட்டில 100 வெக்காதீங்க, 80, 85 போதும். மத்த வண்டிக்காரங்க கியர் கொறச்சு எறங்கறாங்க இல்ல, உங்களுக்கு ரீஜென் தான் அந்த கியர், அதாவது எறக்கத்துல மோட்டாரே ஜெனரேட்டரா மாறி வண்டிய புடிச்சு, கரண்ட பேட்டரிக்கு திருப்பி அனுப்பறது. பேட்டரி நெறஞ்சிருந்தா ரீஜென் கரண்டுக்கு போக எடமில்ல, அது வேலை செய்யாது, வெறும் பிரேக்க மட்டும் நம்பி கொண்டை ஊசி எறங்கணும். ஹோட்டல்ல ஓசி சார்ஜிங்னு 100 வெச்சுட்டு வந்தவர குன்னூர் தாண்டி பிரேக் புகையோட பாத்திருக்கேன். அப்புறம் இ-பாஸ் எடுத்துட்டு வாங்க, 2024 மே மாசத்துல இருந்து கேக்கறாங்க.

ஏன் இத்தன விதமான பிளக்? மொபைலுக்கு மாதிரி ஒண்ணு வெச்சா என்ன? (கூடலூர் கல்லூரி மாணவர்)

தம்பி, ஆளாளுக்கு ஒண்ணு பண்ணதுதான். ஜப்பான்காரங்க 2010ல அவங்க ஃபாஸ்ட் சார்ஜிங் பிளக்குக்கு சாடெமோன்னு சங்கம் வெச்சாங்க, அந்த பேருலயே ஒரு விளையாட்டு இருக்கு, அவங்க பாஷைல 'ஓச்சா டெமோ'ன்னா டீயாவது குடிக்கலாமேன்னு அர்த்தம், சார்ஜ் ஏறற நேரத்துல ஒரு டீ. பேரப் பாத்தா நம்ம மலைல வெச்சது மாதிரியே இருக்கு! ஆனா இங்க ஜெயிச்சது ஐரோப்பாவோட சிசிஎஸ் 2ங்கற பிளக். மேல ஏழு ஓட்டை, கீழ தடியா ரெண்டு, மேல இருக்கறதுல வீட்டுக்கு வர்ற ஏசி கரண்ட்ல மெதுவா சார்ஜிங், கீழ இருக்கறதுல டிசி கரண்ட்ல ஃபாஸ்ட் சார்ஜிங், ஒரே சாக்கெட்டுல முடிஞ்சுது. சைனாக்கு ஜிபி/டி, அந்த பிளக்க நாம கூட 2017ல பாரத் டிசி 001ங்கற நம்ம நாட்டு சார்ஜர்ல எடுத்தோம், 15 கிலோவாட் தான், பெரும்பாலும் அரசாங்க வண்டி மாதிரி ஆளுங்களோட நின்னு போச்சு. டெஸ்லா தன்னோடத 2022 நவம்பர்ல எல்லாருக்கும் தொறந்துவிட்டது. அடாப்டர் போட்டா ஆகாதான்னு கேப்ப. ஓட்டை மட்டும் பொருந்தினா பத்தாது, சாடெமோவும் ஜிபி/டியும் பேசற பாஷை வேற, சிசிஎஸ் பேசற பாஷை வேற, நடுவுல மொழிபெயர்க்க ஒரு டப்பா வேணும்.

குந்தா பவர் ஹவுஸ் பக்கத்துலதான் இருக்கோம், மழை வந்தா ரெண்டு நாள் கரண்ட் இல்ல. எலெக்ட்ரிக் கார் வாங்கலாமா? (மஞ்சூர் வாசகர்)

உங்க கோவம் நியாயம். நம்ம மலைல பைக்காரா பவர் ஹவுஸ்ல 1932லயே கரண்ட் எடுத்தாச்சு, ஆனா பவர் ஹவுஸ்ல எடுக்கற கரண்ட் பெரிய லைன்ல நேரா கீழ போயிடும், நம்ம வீட்டுக்கு வர்றது சப் ஸ்டேஷன் சுத்தி மரத்துக்கு நடுவுல வர்ற லைன்ல, ஒரு சீகை மரம் சாஞ்சா போச்சு. ஜூன்ல இருந்து ஆகஸ்ட் வரைக்கும் பேட்டரிய 50க்கு கீழ விடாதீங்க, ஊட்டி போய் சார்ஜ் போட்டுட்டு வர்ற அளவு எப்பவும் இருக்கும்.

வாங்கறதா இருந்தா வி2எல் இருக்கற வண்டியா பாருங்க, கார்ல இருந்து சாதா பிளக்குக்கு கரண்ட் எடுக்கலாம். அத வீட்டு லைன்ல மட்டும் கோத்துடாதீங்க, கம்பத்து மேல நிக்கற லைன்மேன் உசுரு போயிடும், தனி வயர் இழுத்து பொருளுக்கு நேரா குடுங்க. போன ஜூலைல ரெண்டு நாள் இருட்டு, என் கார்ல இருந்து ஃபிரிட்ஜும் நாலு லைட்டும் ஓடுச்சு, எதிர் வீட்டு அக்கா மிக்ஸிய தூக்கிட்டு வந்து டிக்கி பக்கத்துல நின்னு தேங்கா சட்னி அரைச்சுட்டு போனாங்க. பேட்டரில மொத்தமா மூணு யூனிட் கூட போகல.